துவெய்த் சாலையின் மேல்பாதி

போர்கில்ட் ஹோல்டே தன் அறுபத்தாறு வருஷ வாழ்க்கையில் "நான்" என்று ஆரம்பித்து ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்ததாக எங்கள் ஊரில் யாருக்கும் நினைவில்லை. அவள் கேக்கை யாராவது நன்றாயிருக்கிறது என்றால், அடி கொஞ்சம் கருகிவிட்டது என்பாள். கண்காட்சியில் அவள் ஆட்டுக்குப் பரிசு கிடைத்தால், இந்த வருஷம் புல் நன்றாக இருந்தது என்பாள். எங்கள் ஸ்கோர்டாலில் இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. தன் வீட்டுப் பெருமையைத் தன் வாயால் சொல்கிறவனை நாங்கள் பக்கத்தில் உட்காரவைத்துக் காபி கொடுப்போம், அவன் போனதும் கிழிகிழியென்று கிழிப்போம்.

புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. மகள் பெர்கனில் பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். போர்கில்டுக்கு முப்பத்தெட்டு ஆடு, ஒரு டிராக்டர், மலைமேல் ஒரு வீடு. சனிக்கிழமைதோறும் காலை பதினோரு மணிக்குக் காபி குடிக்க ஓஸ்முண்ட் துவெய்த் வருவான். அவனும் அவளும் ஒரே வருஷம் பிறந்தவர்கள், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவள் புருஷன் சவப்பெட்டியை முன்னால் பிடித்துத் தூக்கியவன் அவன்தான். உலகத்தில் யாரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவாய் என்று கேட்டிருந்தால், மகள் பெயருக்கு முன்னால் அவன் பெயரைத்தான் சொல்லியிருப்பாள்.

எங்கள் சாலை நாலு கிலோமீட்டர். கடல் ஓரத்துப் படகுத்துறையில் தொடங்கி, பழைய ஆலைப் பாலம் வரை சமதளமாகப் போகும். அந்தக் கீழ்பாதி துவெய்த் வீட்டு நிலம். ஓஸ்முண்டின் அப்பா தூர்கில்ஸ், சாலை வரட்டும் என்று தன்னுடைய நல்ல புல்வெளியில் பாதியைச் சும்மா கொடுத்தார். பெரிய மனசுதான், அதை யாரும் மறுக்க முடியாது. பாலத்துக்கு மேலே சாலை கரும்பாறையைக் குடைந்துகொண்டு ஏறுகிறது. அந்த மேல்பாதி ஹோல்டே வீட்டு மூன்று சகோதரர்களின் வேலை. போர்கில்டின் அப்பா ஷூர், பெரியப்பா அன்ஃபின், சித்தப்பா மோன்ஸ். கோடையில் புல் அறுக்க வேண்டும் என்பதால் பனிக்காலத்தில்தான் பாறையில் கை வைப்பார்கள். ஒருவர் இரும்புக் கம்பியைப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடித்து, குழி போட்டு, வெடி வைத்து, ஏழு பனிக்காலம் பாடுபட்டார்கள்.

நாலாவது பனிக்காலத்தில் ஒரு வெடி வெடிக்கவில்லை. எவ்வளவோ நேரம் காத்திருந்துவிட்டுத்தான் மோன்ஸ் பார்க்கப் போனான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. போர்கில்டுக்கு ஆறு வயது. சாப்பாட்டுத் தூக்கோடு கீழ்வளைவில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா முகமெல்லாம் தூசியாக இறங்கி வந்து அவள் இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பி, "வீட்டுக்குப் போ. திரும்பிப் பாக்காதே" என்றார். அவள் பார்க்கவில்லை. மிச்ச மூன்று பனிக்காலமும் இரண்டு பேர் மட்டும் குழி போட்டார்கள். சாலையைத் திறந்து வைத்த அன்று வெளியூர் அதிகாரி ஒருவர் வந்து "ஊர் மக்களுக்கு" நன்றி சொல்லிவிட்டுப் போனார். அப்பா கைதட்டினார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அந்தப் பேச்சே கிடையாது.

ஏறக்குறைய அறுபது வருஷமாக அந்தச் சாலைக்கு ஒரு பெயரும் இல்லை. "மேலே போற வழி" என்றால் எங்களுக்குப் புரிந்தது. ஆம்புலன்ஸ் டிரைவருக்குப் புரியவில்லை. நாட்டில் ஒரு சாலைகூடப் பெயரில்லாமல் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. பிப்ரவரியில் ஊராட்சி வீட்டுக்கு வீடு ஒரு தாள் அனுப்பியது. யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லலாம், காரணத்தோடு எழுத வேண்டும், ஊராட்சியின் பெயர்க்குழு முடிவு செய்யும்.

அந்தச் சனிக்கிழமை ஓஸ்முண்ட் பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"தாளு வந்துச்சா?"

"வந்துச்சு. பேரு வைக்கட்டும், நல்லதுதான். போன வருஷம் ஆம்புலன்ஸ் வழி தெரியாம என் ஆட்டுக்கொட்டாய்ல வந்து நின்னுச்சே."

"உன் ஆடுங்களுக்குத்தான் ரத்த அழுத்தமாச்சே, பாத்துட்டுப் போலாம்னு வந்திருப்பான்." அவன் மெல்லிய லெஃப்சே ரொட்டியில் வெண்ணெய் தடவி, சர்க்கரை தூவிச் சுருட்டினான். "இங்க பாரு. துறையில இருந்து பாலம் வரைக்கும் ஒரு பேரு. பாலத்துல இருந்து மேல ஒரு பேரு. அதுதான் நியாயம். மேல்பாதிக்கு உங்க வீட்டுப் பேரு. இதுல பேச என்ன இருக்கு?"

போர்கில்டுக்குக் காது சுட்டது. காபிக் குடுவையை எடுக்க எழுந்தாள், அது மேசையிலேயே இருந்தது.

"அதைப் போய் நான் எப்படிச் சொல்றது?"

"நீ ஏன் சொல்றே? உனக்கு நான் எழுதறேன், எனக்கு நீ எழுது. என் வீட்டுப் பேரை நானே எழுதிக் கொடுத்தா ஊர்ல காறித் துப்ப மாட்டாங்க?"

"நிஜமாவே எழுதுவியா?"

"என்ன இப்படிக் கேக்கறே? மோன்ஸ் கதை எனக்குத் தெரியாதா? பனிவண்டியில அவனை வச்சுக் கீழ இறக்கினதே எங்கப்பாதானே. எழுதறேன் போர்கில்டு. நீ வாயைத் திறக்கவே வேணாம்."

பக்கத்து வீட்டுக்காக எழுதுவதில் ஒரு கூச்சமும் இல்லையே, போர்கில்ட் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதினாள். தூர்கில்ஸ் கொடுத்த புல்வெளி, அந்த வருஷம் வைக்கோல் போதாமல் அவர் இரண்டு பசுவை வெட்ட வேண்டி வந்தது, அப்போதும் ஒரு வார்த்தை முனகாமல் இருந்தது எல்லாவற்றையும் எழுதினாள். "இந்தச் சாலையை எங்களுக்குத் தந்தவர்கள் துவெய்த் வீட்டார்" என்று எழுதியபோது அவளுக்கே கண் கலங்கியது. மேல்பாதிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. தன் அப்பாவைப் பற்றித் தானே எழுதுவதா? அதுதான் ஓஸ்முண்ட் எழுதப்போகிறானே. இரண்டு பேரும் எழுதினால், பேசி வைத்துக்கொண்டு பிச்சை கேட்பது போல இருக்காதா? ரொம்ப யோசித்து ஒரே ஒரு வரி எழுதினாள்: "பாறை வேலையில் பக்கத்து வீட்டார் சிலரும் கைகொடுத்தார்கள்."

அப்பா, பெரியப்பா, இருபத்திரண்டு வயது மோன்ஸ். மூன்று பேரும் சேர்ந்து "பக்கத்து வீட்டார் சிலர்" ஆனார்கள். அடக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு நாங்கள் செய்கிற கூத்து இது. எனக்கு இந்த இடத்தில் அவள்மேலேயே கோபம் வருகிறது.

அடுத்த சனிக்கிழமை ஓஸ்முண்ட் பூட்ஸைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தான். "போட்டுட்டேன். ரெண்டு பக்கம். உங்க சித்தப்பா கதையைப் படிச்சா பெயர்க்குழுல ஒருத்தர் பாக்கியில்லாம அழுதுடுவாங்க."

"சும்மா இரு."

"நெஜமாத்தான் சொல்றேன்."

அன்று அவள் அவனுக்கு வெண்ணெயை இரண்டு மடங்கு வைத்தாள். அவன் போனபின் அடுப்பங்கரையில் நின்று "ஹோல்டே சாலை" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். உடனே வெட்கமாகப் போய்விட்டது. போய் ஆட்டுக்கொட்டாயை, காலையில் கழுவியதையே, இன்னொரு தரம் கழுவினாள்.

மே மாதக் கடைசியில் முடிவு வந்தது. படகுத்துறையிலிருந்து மேல்வீடுகள் வரை நாலு கிலோமீட்டருக்கும் ஒரே பெயர்: துவெய்த் சாலை. ஆட்சேபணை இருந்தால் மூன்று வாரத்துக்குள் எழுதலாம்.

அவளுக்கு அவன்மேல் சந்தேகமே வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாவம், அவன் கடிதத்தை இந்த ஆபீஸ்காரர்கள் எங்கேயோ தொலைத்துவிட்டார்கள், தெரிந்தால் நொந்துபோவான் என்றுதான் நினைத்தாள். அவனிடம் சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று பஸ் பிடித்து ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே வில்தே என்கிற சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு கடிதம் காணாம போயிருக்குமோன்னு கேக்க வந்தேன்மா."

"எந்தச் சாலைங்க? ... எதுவும் காணாமப் போகலையே. உங்க சாலைக்கு ரெண்டு கடிதம் வந்திருக்கு, ரெண்டும் இருக்கு. யார் வேணா பாக்கலாம், இந்தாங்க. உங்க கடிதம் எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா! குழுவுல சத்தமா வாசிச்சாங்க."

ஒன்று அவளுடையது. அதன் கீழே ஓஸ்முண்டின் கையெழுத்து, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகிய அதே கோணல் எழுத்து. இரண்டு பக்கம் இல்லை, ஆறு வரி. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எங்கள் குடும்பப் பெயரைச் சொல்லியிருப்பதாக அறிகிறேன், எங்களுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. சாலையை இரண்டாகப் பிரித்தால் அவசர வண்டிகளுக்குக் குழப்பம் வரும். முழுச் சாலைக்கும் ஒரே பெயர் இருப்பது நல்லது. மோன்ஸ் பெயர் இல்லை. ஹோல்டே என்ற சொல்லே இல்லை. தேதியைப் பார்த்தாள். "போட்டுட்டேன்" என்று அவன் சொல்லி லெஃப்சே தின்ற சனிக்கிழமைக்கு முந்தின நாள்.

"தண்ணி குடிக்கறீங்களாம்மா?" என்றாள் வில்தே. போர்கில்ட் வேண்டாம் என்றாள். அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். ஓங்கி அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது என்று பின்னால் மகளிடம் சொன்னாள்.

நேரே அவன் வீட்டுக்குத்தான் போனாள். அவன் வேலிக்கம்பு நட்டுக்கொண்டிருந்தான்.

"உன் கடிதத்தைப் படிச்சேன் ஓஸ்முண்டு."

அவன் சம்மட்டியைக் கீழே வைத்தான். முகம் சிவந்து, பிறகு ஒரு மாதிரி தெளிந்தது. "சொல்லணும்னுதான் இருந்தேன். என் பையன் மலைமேல விடுமுறை வீடு கட்ட மனை பிரிச்சு விக்கறான்ல? ஒரே சாலைக்கு ரெண்டு பேரு இருந்தா வர்றவங்களுக்குக் குழப்பமாம். அவன்தான் பிடிவாதமா நின்னான்."

"என்கிட்ட எழுதிட்டேன்னு சொன்னே."

"எழுதினேன்ல?"

"ஓஸ்முண்டு!"

"எங்க வீட்டைப் பத்தி நான் ஒரு வார்த்தை புகழ்ந்து எழுதலை, பாத்தேல்ல? அத்தனையும் நீ எழுதினது. நீயா எழுதினது. இப்ப வந்து என்னைக் கேட்டா?"

"மோன்ஸு?"

"மோன்ஸை யாரு என்ன சொல்லிட்டாங்க? பலகையில பேரு எழுதினா எழுந்து வந்துடுவானா?" சொன்ன பிறகு அவனே கொஞ்சம் தடுமாறினான். "வா, காபி போடச் சொல்றேன்."

அவள் திரும்பி நடந்தாள். அறுபது வருஷத்துப் பழக்கம், மனை விற்கிற ஒரு பையனின் பிடிவாதத்துக்கு முன்னால் ஆறு வரிக்குத் தாங்கவில்லை.

ஆட்சேபணையை வேறு யாராவது எழுதினால்தான் மரியாதை. மேல்வீட்டு ஹால்வரிடம் போனாள். அவன் அப்பாவும் அந்தச் சாலையில்தான் பால் கொண்டுபோய் விற்றவர். ஹால்வர் தன் கம்பளிக் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியாததா? ஆனா வருஷா வருஷம் மலையில இருந்து ஆடு இறக்க ஓஸ்முண்டோட நாயும் வேணும், அவன் பட்டியும் வேணும். நான் எப்படி...? நீயே எழுதேன் போர்கில்டு. உனக்குத்தான் எழுத வருதே."

இன்னும் இரண்டு வீடு ஏறினாள். இரண்டு வீட்டிலும் நல்ல காபி கிடைத்தது.

கடைசியில் அவளே எழுதினாள். "என் அப்பா" என்று தொடங்கி, "என் சித்தப்பா மோன்ஸ்" என்று எழுதி, ஏழு பனிக்காலத்தையும் வெடிக்காத குழியையும் எழுதி, கடைசி நாளில் தபாலில் போட்டாள். ஆகஸ்டில் பதில் வந்தது. மறுக்கப்பட்டது. காரணம் ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள்: ஆட்சேபணை செய்பவர் தாமே முன்பு எழுதிய கடிதத்தில், சாலையைத் தந்தவர்கள் துவெய்த் வீட்டார் என்றும், பக்கத்து வீட்டார் சிலர் கைகொடுத்தார்கள் என்றும் தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

அதைப் படித்தபோதுதான் அவள் அழுதாள். ஓஸ்முண்ட் ஏமாற்றியது ஒரு பக்கம். மோன்ஸைத் தன் கையாலேயே அழித்துவிட்டோம் என்பதை அவளால் தாங்கவே முடியவில்லை.

செப்டம்பரில் மலையிலிருந்து ஆடுகளை இறக்கினோம். அந்த இரண்டு நாளும் சண்டை சச்சரவு பார்க்க முடியாது, எல்லோரும் போக வேண்டும். போர்கில்டும் வந்தாள். ஓஸ்முண்டுக்கு எதிர்ப்பக்கச் சரிவில் நடந்தாள், அவ்வளவுதான். இரண்டாம் நாள் சாயங்காலம் துறையோரத்து ஊர்க் கூடத்தில் வழக்கமான விருந்து. ஆட்டுக்கறியும் முட்டைக்கோஸும் பெரிய பானையில் வெந்து மணத்தது. அந்த வாரம்தான் சாலைப் பெயர்ப் பலகை நட்டிருந்தார்கள், கூடத்து ஜன்னல் வழியே பார்த்தால் தெரியும்.

ஹால்வர் பியர் கோப்பையைத் தூக்கினான். "நம்ம புதுப் பேருக்கு! இனிமே ஆம்புலன்ஸ்காரன் ஆட்டுக்கொட்டாய்ல வந்து பிரசவம் பாக்க வேணாம்!" எல்லோரும் சிரித்தார்கள். கோப்பைகள் எழுந்தன. ஓஸ்முண்ட் தலையைக் குனிந்துகொண்டு, எங்களுக்கெல்லாம் எதற்கு இது என்கிற முகத்தோடு தூக்கினான். அடக்கம் அவனுக்கும் நன்றாகவே வரும்.

போர்கில்டின் கோப்பை மேசையிலேயே இருந்தது. எழுந்து நின்றாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "பாலத்துக்கு மேல இருக்கற சாலை எங்கப்பா போட்டது. என் சித்தப்பா அங்கதான் செத்தாரு. மோன்ஸ் ஹோல்டே. இருபத்திரண்டு வயசு. இது உங்க எல்லாருக்கும் தெரியும். ஓஸ்முண்டு எழுதறேன்னு என் வீட்டுல உக்காந்து சொன்னான். எழுதலை. எழுதிட்டேன்னு பொய் சொன்னான்."

இப்போதாவது ஒரு வாய் திறக்கும் என்று அவள் நின்றாள். ஹால்வர் உருளைக்கிழங்கைத் தோலுரித்தான். பெண்கள் தட்டைப் பார்த்தார்கள். எங்களுக்கு வெட்கமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன், ஓஸ்முண்டுக்காக இல்லை. தன் வீட்டுப் பெயருக்காகத் தானே எழுந்து நின்று பேசுகிறாளே என்று அவளுக்காக வெட்கப்பட்டோம்.

"போர்கில்டு, உக்காரும்மா. கறி ஆறுது" என்றாள் ஹால்வரின் மனைவி, மெதுவாக.

ஓஸ்முண்ட் நாற்காலியைத் தள்ளி எழுந்தான். அவன் குரலில் ஒரு துளி கோபம் இல்லை. "ரெண்டு நாளா மலையில நடந்திருக்கா. அலுப்பு. விடுங்க, யாரும் ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. வா போர்கில்டு, நான் வீட்டுல கொண்டு விடறேன்."

அவள் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. பலகையைத் தாண்டி மேலே நடந்தாள். கொஞ்ச நேரத்தில் பின்னால் கார் சத்தம் கேட்டது. ஓஸ்முண்ட் கண்ணாடியை இறக்கி, அவள் நடைக்குக் காரை உருட்டிக்கொண்டு வந்தான்.

"ஏறு. நனையறே."

அவள் திரும்பவில்லை. சாலையோரத்து வீடுகளில் திரைச்சீலைகள் விலகின. மழையில் வீம்பாக நடக்கும் ஒரு பெண், பின்னாலேயே பொறுமையாக வெளிச்சம் காட்டிக்கொண்டு வரும் ஒரு கார். பாலத்தைத் தாண்டி, பாறை வளைவுக்கு வந்ததும் அவள் நின்றாள். கையைப் பாறைமேல் வைத்துக்கொண்டாள். கம்பி இறங்கிய குழிகள் அதில் இன்னும் இருக்கின்றன, விரல் நுழையும் அளவுக்கு.

காரும் நின்றது.

"என்ன ஆச்சு?" என்றான் ஓஸ்முண்ட். "கால் வலிக்குதா?"

அவள் அவனைப் பார்த்தாள். நடிக்கிறானா, நிஜமாகவே இந்த இடம் அவனுக்கு மறந்துவிட்டதா என்று முகத்தில் தேடினாள். தெரியவில்லை. பனிவண்டியில் வைத்து இறக்கிய கதையை அவன்தானே அவளுக்குச் சொன்னான். மழை இரண்டு பேருக்கும் நடுவே கொட்டிக்கொண்டிருந்தது.

"போயிடு ஓஸ்முண்டு" என்றாள். "இந்த இடத்துலயாவது போயிடு."

"உன்னை இப்படி விட்டுட்டுப் போக நான் என்ன மனுஷன் இல்லையா?" என்றான் அவன். போகவில்லை. அவள் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை, அந்த மேல்பாதி முழுக்க, பின்னாலேயே வந்தான்.

மறுநாள் கடையில் எல்லோரும் ஓஸ்முண்டின் நல்ல மனசைப் பற்றித்தான் பேசினோம்.